பெர்சி ஸ்லெட்ஜ் 1966: ஒரு ஆர்டர்லி பாடிய பாட்டு ரெண்டு பட்டியலிலும் நம்பர் 1 ஆனது எப்படி?

#1 பழையதட்டு

அமெரிக்கப் பாடகர் மைக்கேல் போல்ட்டனின் 1991 ஹிட் பாட்டு ஒன்றைப் பேசிய இழையில் யாரோ "இதோட ஒரிஜினல் யார் பாடினது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே பதில் எழுத ஆரம்பித்தால் அந்த இழை திசை மாறிவிடும். அதனால் தனியாகத் திறக்கிறேன்.

ஒரிஜினல் பெர்சி ஸ்லெட்ஜ். பாட்டு ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’. 1966இல் அட்லாண்டிக் கம்பெனி போட்ட 45, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிங்கிள். தட்டு எண் 2326. பின்பக்கம் ‘லவ் மீ லைக் யூ மீன் இட்’. அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டின் மே 28 தேதியிட்ட ஹாட் 100 பட்டியலில் முதலிடம், அடுத்த வாரமும் அசையவில்லை. அதே பத்திரிகையின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பட்டியலில் 4 வாரம் முதலிடம். பிரிட்டனில் 4ஆம் இடம்.

ஹாட் 100இல் இதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தது மாமாஸ் அண்ட் த பாப்பாஸின் ‘மண்டே, மண்டே’. இதை இறக்கிவிட்டு ஏறியது ரோலிங் ஸ்டோன்ஸின் ‘பெயின்ட் இட் பிளாக்’. அந்த இரண்டு பெரிய ஆட்களுக்கும் நடுவில், அலபாமாவில் மருத்துவமனை ஆர்டர்லியாக, அதாவது நோயாளிகளுக்கு உதவும் ஊழியராக, வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அதுவும் தன் முதல் தட்டோடு.

பாட்டு அருமை, உருக்கம், கண்ணீர் என்று எழுத இந்த இழை வேண்டாம். அதெல்லாம் கேட்டாலே தெரியும். அந்தச் சின்ன ஊரிலிருந்து அது எப்படிக் கிளம்பி மேலே போனது, யார் யார் கை பட்டது, காசு யாருக்குப் போனது, இதைப் பேசலாம்.

#2 ஹெட்ஃபோன்வாசி

அண்ணே, தெரியாமத்தான் கேக்குறேன். ஒரே நாடு, ஒரே பத்திரிகை. எதுக்கு ரெண்டு லிஸ்ட்? ரெண்டுலயும் ஒண்ணாவதுன்னா அதுல என்ன விசேஷம்? இப்பல்லாம் ஒரே பாட்டு பத்து லிஸ்ட்ல நிக்குதே.

#3 கணக்கப்பிள்ளை

தம்பி, நல்ல கேள்வி. ஹாட் 100 என்பது 1958 ஆகஸ்டில் பில்போர்டு தொடங்கிய பொதுப் பட்டியல். தட்டு விற்பனையும் ரேடியோவில் போடுவதும் சேர்ந்த கணக்கு. ஆர் அண்ட் பி பட்டியல் கறுப்பின மக்கள் தட்டு வாங்கும் கடைகளையும் அவர்களுக்கான ரேடியோ நிலையங்களையும் வைத்துப் போட்டது. நாடு ஒன்றாக இருந்தாலும் கடைத்தெரு இரண்டாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1963 நவம்பர் கடைசியில் பில்போர்டு ஆர் அண்ட் பி பட்டியலையே நிறுத்திவிட்டது. இரண்டிலும் ஒரே பாட்டுகள் நிறைய வருகின்றனவாம், தனியாக எதற்கு என்று. 1965 ஜனவரியில் திரும்பவும் ஆரம்பித்தார்கள். அது திரும்பி வந்த அடுத்த வருஷம்தான் இந்தப் பாட்டு.

1966 முழுக்க ஹாட் 100இல் முதலிடம் தொட்ட கறுப்பினப் பாடகர்களின் பாட்டு நான்கே நான்கு. சுப்ரீம்ஸ் இரண்டு, ஃபோர் டாப்ஸ் ஒன்று, ஸ்லெட்ஜ் ஒன்று. நான்குமே ஆர் அண்ட் பியிலும் முதலிடம் பிடித்தவை. முதல் மூன்றும் டெட்ராய்ட் மோடவுன் சரக்கு. மோடவுன் தன் தட்டுகளை வெள்ளைக்கார வீட்டு ரேடியோவுக்கும் சேர்த்தே தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பும் கம்பெனி. தெற்கிலிருந்து, எந்தப் பளபளப்பும் இல்லாமல் அந்த உயரத்துக்குப் போனது இது ஒன்றுதான். விசேஷம் அங்கே இருக்கிறது.

#4 அடைமழை

தெற்கு என்றால் மெம்பிஸ்தானே? ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ சத்தம் அப்படியே கேட்கிறது. ஓடிஸ் ரெட்டிங் பாட்டுக்கு வாசித்த அதே கோஷ்டி என்று நினைக்கிறேன். அப்புறம் அட்லாண்டிக்குக்கு முதல் நம்பர் 1 இதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#5 பழையதட்டு

இரண்டுமே இல்லை, நண்பரே.

மெம்பிஸ் டென்னஸியில் இருக்கிறது. இது பதிவானது அலபாமாவின் வடமேற்கு மூலையில், ஷெஃபீல்டில். டென்னஸி ஆற்றங்கரையில் ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மசில் ஷோல்ஸ் என்று நாலு சின்ன ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெளியுலகத்துக்கு எல்லாம் சேர்ந்து ‘மசில் ஷோல்ஸ்’. ஸ்டுடியோ பெயர் நோராலா, உரிமையாளர் குவின் ஐவி. ரேடியோவில் டிஸ்க் ஜாக்கி, ஊரில் ஒரு தட்டுக்கடையும் வைத்திருந்தார். மார்லின் கிரீனோடு சேர்ந்து இதைத் தயாரித்ததும் அவரே.

வாசித்தவர்கள்: ஆர்கனில் ஸ்பூனர் ஓல்டம், டிரம்ஸில் ரோஜர் ஹாக்கின்ஸ், பேஸில் ஜூனியர் லோ, கிட்டாரில் மார்லின் கிரீன். நாலு பேரும் வெள்ளைக்காரர்கள். பாடியவர் கறுப்பினத்தவர். இடம் அலபாமா. செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது 1965 மார்ச்சில். அதே மாநிலத்தில் ஒரு வருஷத்துக்குள் இந்தப் பதிவு. இதை வைத்து ‘இசை எல்லாரையும் ஒன்றாக்கியது’ என்று பெரிதாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஸ்டுடியோவுக்குள்ளே ஒன்றாக வாசித்தார்கள், அவ்வளவுதான். கதவுக்கு வெளியே அலபாமா அலபாமாவாகவே இருந்தது.

அட்லாண்டிக் விஷயம்: ட்ரிஃப்டர்ஸ் 1960இலேயே ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ’யில் அவர்களுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஏன், இதே 1966 ஏப்ரல் கடைசியில் யங் ராஸ்கல்ஸ் ‘குட் லவின்’ அட்லாண்டிக் லேபிளில்தான் முதலிடம். நீங்கள் படித்தது முதல் தங்கத்தட்டு என்பதாக இருக்கும். அட்லாண்டிக்குக்கு முதல் தங்கத்தட்டு வாங்கிக் கொடுத்த சிங்கிள் இது.

#6 கணக்கப்பிள்ளை

தங்கத்தட்டு என்றால் அப்போது ஒரு சிங்கிளுக்கு 10 லட்சம் பிரதி. ஆனால் விற்றால் மட்டும் போதாது. தங்கத்தட்டு கொடுக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் சங்கத்திடம் கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். மோடவுன் அந்தக் காலத்தில் காட்டவே இல்லை. அதனால் யாரிடம் தங்கத்தட்டு இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை வைத்து எது அதிகம் விற்றது என்று முடிவுகட்டக் கூடாது.

#7 சுருதிப்பெட்டி

எல்லாரும் பட்டியலையே பேசுறீங்க, நான் பாட்டுக்குள்ள போறேன்.

முதல்ல பேஸ். ஸ, நி, த, ப, ம என்று ஒவ்வொரு படியா கீழே இறங்குது. டி-ஃபிளாட் சுருதியில பாடுறார். அந்த இறக்கம் மெதுவா, 12/8 நடையில (நம்ம திஸ்ர நடை மாதிரி), அவசரமே இல்லாம வருது. கீழே தரை இறங்கிட்டே இருக்க, குரல் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயியில போய் நின்னுடுது. வழக்கமா பாடகர்கள் கீழே ஆரம்பிச்சு, சரணத்துல கொஞ்சம் ஏறி, உச்சத்தைக் கடைசிக்கு வெச்சிருப்பாங்க. இவர் உச்சத்துலதான் கதவையே திறக்கிறார். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் அங்கேயே நிக்கணுமே? நிக்கிறார்.

ரெண்டாவது, இதுல பல்லவி கிடையாது. திரும்பத் திரும்ப வர்ற கோரஸ்னு ஒண்ணு இல்லை. ஒவ்வொரு பத்தியும் அதே தலைப்பு வரியில தொடங்குது. பொதுவா ‘ஒரு ஆண்’ இப்படித்தான் ஆவான், நண்பன் சொன்னாக் கேக்க மாட்டான், கையில இருக்கிறதையெல்லாம் கொடுப்பான்னு மூணாம் மனுஷனைப் பத்திப் பேசிட்டே வர்றார். நடுவுல ஒரு இடத்துல சட்டுனு ‘நான்’ வந்துடுது. ஊர்க்கதை மாதிரி சொல்லிட்டு இருந்தவர் தன் கதைதான்னு வாய்தவறி ஒத்துக்கிற இடம். அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடி மூணாம் மனுஷனுக்கே போயிடுறார். எழுதினது யாரா இருந்தாலும் அந்த ஒரு திருப்பத்துக்காக ராயல்டி கொடுக்கலாம்.

#8 கறுப்புவெள்ளைக்கட்டை

அக்கா சொன்ன இறங்கும் பேஸுக்கு மேலே என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன். அது ஹேமண்ட் ஆர்கன் இல்லை, ஃபார்ஃபீஸா. சின்ன டிரான்சிஸ்டர் ஆர்கன். தனியா வாசிச்சா கொஞ்சம் மூக்கடைச்ச சத்தம், விலையிலயும் பெருமையிலயும் ஹேமண்டுக்குக் கீழே. கல்யாணக் கச்சேரியில பழைய கீபோர்டு வாசிச்சவங்களுக்கு அந்தச் சத்தம் புரியும். ஸ்பூனர் ஓல்டம் அதுல ஒண்ணுமே செய்யலை, அதுதான் சாமர்த்தியம். கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கிற சுரங்களை, பிடிச்சுட்டுக் காத்திருக்கார். குரல் மூச்சு வாங்குற இடத்துல மட்டும் ஒரு சின்ன அசைவு. நான் இதை மேடையில வாசிக்கும்போது கை துறுதுறுங்கும், நடுவுல நாலு நோட்டு போடலாமான்னு. போட்டா பாட்டு கெட்டுடுது.

1967ல வந்த புரோகல் ஹாரம் குழுவோட ‘எ வொயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ கேட்டிருப்பீங்க. அதே மாதிரி படிப்படியா இறங்குற பேஸ், மேலே ஆர்கன். அது ஹேமண்ட்ல, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் வாடையோட. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க.

#9 பனைநிழல்

கனடாவிலயிருந்து எழுதிறன். ஹோர்ன், அதுதான் ட்ரம்பெட் மாதிரி ஊதிற வாத்தியங்கள், அந்தக் கதையை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லையே? அதுதானே இந்தப் பாட்டைப் பற்றி எல்லாரும் சொல்லுற கதை. கடைசியில வாற ஹோர்ன்கள் சுருதியில இல்லை எண்டு அட்லாண்டிக்கின்ர ஜெரி வெக்ஸ்லர் கண்டுபிடிச்சு, திரும்பப் பதிஞ்சு அனுப்பச் சொன்னவராம். அவையளும் வேற ஆக்களை வைச்சுப் பதிஞ்சு அனுப்பினவை. ஆனால் டேப் மாறுப்பட்டு, பழையதையே அச்சடிச்சு வித்துப்போட்டினம். அதுதான் நம்பர் 1. மசில் ஷோல்ஸ் பேஸ்காரர் டேவிட் ஹூட் சொன்ன கதை இது.

என்ர கருத்து, அந்தப் பிழைதான் இந்தப் பாட்டின்ர உயிர். சரியாய் வாசிச்சிருந்தால் இதுவும் ஆயிரத்தில ஒண்டு.

#10 சுருதிப்பெட்டி

பனைநிழல், கதை நல்லா இருக்கு. முடிவுதான் எனக்கு ஒப்பலை. ஹார்ன் எங்கே வருதுன்னு கவனிங்க. பாட்டு முடியப்போற பகுதியிலதான் வருது, வந்து கொஞ்ச நேரத்துல சத்தம் குறைஞ்சு தேய்ஞ்சுடுது. அதுக்குள்ள பாட்டு தன் வேலையை முடிச்சாச்சு. கேக்கிறவங்க ஏற்கெனவே விழுந்துட்டாங்க. சுருதி விலகல் இருக்கு, என் காதுக்கு உறுத்தவும் செய்யுது. ‘தப்புதான் அழகு’ன்னு சொல்றது கேக்க நல்லா இருக்கும். ஆனா அந்தக் குரல்ல ஒரு தப்பும் இல்லையே. இவ்வளவு உச்சத்துல இவ்வளவு நேரம் நின்னும் அவர் சுருதி ஆடலை. அந்த உழைப்பை விட்டுட்டு, யாரோ டேப்பை மாத்தி எடுத்ததுக்கு மாலை போடுறோம்.

#11 பனைநிழல்

அக்கா, குரலை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ, ஆர்கன் மெல்லிசாய், டிரம்ஸ் மெல்லிசாய், எல்லாம் அடக்கமாய் வந்து, கடைசியில ஹோர்ன் வரேக்க அது தேவாலயத்து வாத்தியக் கோஷ்டி மாதிரிக் கொஞ்சம் பிசகித்தான் வருது. அப்பதான் இது கொம்பனி செய்த சாமான் இல்லை, ஊராக்கள் செய்தது எண்டு விளங்குது. மோடவுன்ல இப்பிடி ஒண்டு வெளியால வந்திருக்குமோ? அவையின்ர தரப் பரிசோதனைக் கூட்டத்திலயே நிப்பாட்டியிருப்பினம்.

#12 சுருதிப்பெட்டி

மோடவுன் நிறுத்தியிருக்கும், சரி. வெக்ஸ்லரும் நிறுத்தத்தான் பார்த்தார், அவருக்கு டேப் மாறிடுச்சு. என் கட்சியை நான் மாத்திக்கலை.

#13 அடைமழை

வெக்ஸ்லர் நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவர். ஷெஃபீல்டில் ஒரு தட்டுக்கடைக்காரர் பதிந்த டேப் அவர் மேசைக்கு எப்படிப் போனது? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

#14 பழையதட்டு

இந்த இழையை ஆரம்பித்ததே இதைச் சொல்லத்தான்.

ஸ்லெட்ஜ் பக்கத்திலிருக்கும் லெய்ட்டன் ஊர்க்காரர். கோல்பர்ட் கவுண்டி மருத்துவமனையில் ஆர்டர்லி. நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது, படுக்கை மாற்றுவது, இந்த வேலைதான். வார இறுதியில் எஸ்குவயர்ஸ் என்ற குழுவோடு கல்லூரி விருந்துகளில் பாடுவார். அந்த மருத்துவமனையில் நோயாளியாக இருந்த ஒருவர் ஐவிக்கும் தெரிந்தவர். அவர்தான் இவரை ஐவியிடம் அறிமுகம் செய்துவைத்தார்.

ஐவி பதிந்தார். பதிந்ததும் அவர் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டியது யாரிடம் தெரியுமா? ரிக் ஹாலிடம். அதே வட்டாரத்தில் ஃபேம் ஸ்டுடியோ நடத்தியவர், தொழிலில் ஐவியை விட மூத்தவர், கணக்குப் பார்த்தால் போட்டியாளர். ஹால் கேட்டார், வெக்ஸ்லருக்குப் போன் போட்டார், நம்பர் 1 ஆகப்போகிற தட்டு ஒன்று கையில் இருக்கிறது என்று சொன்னார். அட்லாண்டிக் வாங்கியது. ஹாலுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு, தர்மத்துக்குப் போன் போடவில்லை. ஆனாலும் அடுத்தவன் ஸ்டுடியோவில் பிறந்த பாட்டை ‘இது ஹிட்’ என்று காது சொல்லும்போது அதை மறைக்காமல் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்னொன்று. வெக்ஸ்லர் கம்பெனிக்காரர் ஆவதற்கு முன்னால் பில்போர்டு பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1949இல் அந்தப் பட்டியலுக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரைக் கொண்டுவந்ததே அவர்தான். அதற்கு முன் அதன் பெயர் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. அந்த மனுஷன்தான் இந்த டேப்பை வாங்கி இரண்டு பட்டியலிலும் உச்சிக்குக் கொண்டுபோனார்.

பாட்டு நல்லா இருந்தால் தானாக மேலே வரும் என்பார்கள். வராது. ஒரு நோயாளி, ஒரு தட்டுக்கடைக்காரர், ஒரு போட்டியாளர், ஒரு முன்னாள் பத்திரிகைக்காரர். இந்த நாலில் ஒரு கை நழுவியிருந்தாலும் ஸ்லெட்ஜ் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருப்பார்.

#15 கறுப்புவெள்ளைக்கட்டை

இதுக்கப்புறம் நடந்ததையும் சேர்த்துக்கங்க. அந்தப் போன் காலால அட்லாண்டிக் கவனம் அலபாமா பக்கம் திரும்புச்சு. அதே வருஷம் வெக்ஸ்லர் பாடகர் வில்சன் பிக்கெட்டை ஃபேமுக்கு அனுப்பினார். 1967 ஜனவரியில பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளினைக் கொண்டுபோனார். ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ பிறந்தது அங்கே. கீபோர்டுல அதே ஓல்டம், டிரம்ஸ்ல அதே ஹாக்கின்ஸ். ஒரு சிங்கிள் ஒரு ஊரையே தூக்கிவிட்டுச்சு. ஹாக்கின்ஸும் கூட்டாளிகளும் 1969ல ஷெஃபீல்டுலயே சொந்தமா ஸ்டுடியோ போட்டாங்க.

#16 ஹெட்ஃபோன்வாசி

சரி, எல்லாருக்கும் நல்லது நடந்துச்சு. ஸ்லெட்ஜுக்கு? அவரு இந்தப் பாட்டு எழுதினாரா இல்லையா? ஆப்ல எழுத்தாளர்னு ‘கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட்’னு போட்டிருக்கு.

#17 பழையதட்டு

லூயிஸும் ரைட்டும் எஸ்குவயர்ஸ் குழுவில் கூட வாசித்தவர்கள், ஒருவர் பேஸ், ஒருவர் ஆர்கன். காகிதத்தில் அவர்கள் பாட்டு. பேட்டிகளில் ஸ்லெட்ஜ் சொன்னது வேறு: மெட்டு தன் மனசில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது, காதலி விட்டுப்போன துக்கத்தில் ஒரு நாள் மேடையில் அப்படியே பாடினேன், கூட வாசித்த இருவருக்கும் எழுத்துரிமையை நானே கொடுத்துவிட்டேன் என்று. முதலில் வேறு வரிகளோடு, ஏன் என்னை விட்டுப் போனாய் என்று அவளைக் கேட்பதாக இருந்தது, பிறகுதான் நாம் கேட்கும் வடிவத்துக்கு வந்தது. அப்படிக் கொடுத்தது தன் வாழ்க்கையிலேயே மோசமான முடிவு என்றும், ஆனால் கசப்பு இல்லை என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

யார் எவ்வளவு எழுதினார்கள் என்று 60 வருஷம் கழித்து இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நிலத்தை உழுதது யாராக இருந்தாலும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் குத்தகை. அது மட்டும் நிச்சயம்.

#18 கணக்கப்பிள்ளை

அந்தக் குத்தகை எவ்வளவு பெரியது என்பதைச் சொன்னால்தான் தம்பிக்கு உறைக்கும்.

அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்கும், பாட்டின் உரிமையைக் கையாளும் பப்ளிஷருக்கும் பணம் போகும். பாடியவருக்குப் போகாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 1966 முதல் இந்தப் பாட்டு ரேடியோவில் எத்தனை முறை வந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் காதில் விழுவது ஸ்லெட்ஜின் குரல், சில்லறை விழுவது வேறு பெட்டியில்.

தட்டு விற்றால் பாடகருக்கு ஒப்பந்தப்படி ஏதோ வரும். வேறொருவர் பாடிய தட்டு விற்றால் அதுவும் கிடையாது. பெட் மிட்லர் ‘த ரோஸ்’ படத்துக்காகப் பாடி, 1980இல் ஹாட் 100இல் 35ஆம் இடம் வரை போனது. 1991இல் போல்ட்டன் பாடி முதலிடத்துக்கே போனது. அந்த ஆண்டுக்கான கிராமியும் வாங்கியது. அதிலெல்லாம் எழுத்துரிமைக்காரர்களுக்குப் பங்கு உண்டு, ஸ்லெட்ஜுக்குக் கிடையாது.

போல்ட்டன் முதலிடத்தில் ஒரு கொசுறுச் செய்தி இருக்கிறது. அது 1991 நவம்பர் 23 தேதியிட்ட பட்டியல். அடுத்த வாரம், நவம்பர் 30 முதல், பில்போர்டு ஹாட் 100க்கு சவுண்ட்ஸ்கேன் கணக்கு வந்துவிட்டது. கடையில் பில் போடும்போது பார்கோடு அடிக்கிறார்களே, அதை நேரடியாக எண்ணுகிற முறை. அதற்கு முன்னால் கடைக்காரர்கள் வாயால் சொன்னதுதான் விற்பனைக் கணக்கு. புது முறையில் முதல் நம்பர் 1 பி.எம். டான் என்ற குழுவின் பாட்டு. பழைய முறையின் கடைசி நம்பர் 1 இந்தப் பாட்டு, போல்ட்டன் குரலில். 1966இலும் சரி, 1991இலும் சரி, இந்தப் பாட்டை உச்சியில் வைத்தது கடைக்காரர் வாய்தான்.

#19 அடைமழை

அப்படியென்றால் 1966 முதலிடமே நம்ப முடியாததா? கடைக்காரருக்கு ஏதாவது கொடுத்து எழுத வைத்திருக்கலாமே.

#20 கணக்கப்பிள்ளை

பொதுவாக அந்தச் சந்தேகம் நியாயம். அந்தக் காலத்தில் கணக்கில் சாயம் பூசுவது நடந்ததுதான். ஆனால் இந்தப் பாட்டுக்கு 10 லட்சம் பிரதிக்கான தங்கத்தட்டும் இருக்கிறது, அது கம்பெனிக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது. கடல் தாண்டிப் பிரிட்டனில் வேறு பட்டியல், வேறு கடைகள், அங்கேயும் 4ஆம் இடம். எல்லா ஊர்க் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு ஆர்டர்லிக்காகப் பொய் சொன்னார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை.

#21 பனைநிழல்

பிரிட்டன் எண்டோடன ஞாபகம் வருது, 1987ஐ விட்டிட்டியளே. லீவைஸ் 501 ஜீன்ஸ் விளம்பரத்தில இந்தப் பாட்டைப் போட்டவை. தட்டைத் திரும்ப வெளியிட, 21 வருசத்துக்குப் பிறகு 2ஆம் இடம். 1966இல வந்ததை விட மேல! முதலாம் இடத்தில ஆர் எண்டு பாத்தால் பென் ஈ. கிங்கின்ர ‘ஸ்டாண்ட் பை மீ’. அதுவும் 1961ஆம் ஆண்டுப் பாட்டு, அதுவும் லீவைஸ் விளம்பரம், அதுவும் அட்லாண்டிக் குடும்பத்துத் தட்டு. இதுக்கு ஒரு வருசம் முன்னம் பாடகர் சாம் குக்கும் இதே மாதிரி ஜீன்ஸ் விளம்பரத்தால 2ஆம் இடத்துக்கு வந்தவர், ஆள் செத்து 20 வருசத்துக்கு மேல.

ஒரு காற்சட்டைக் கொம்பனி பழைய சோல் பாட்டுகளை, இந்த மாதிரிக் கறுப்பினப் பாடகர்களின்ர உருக்கப் பாட்டுகளை எல்லாம் தோண்டி எடுத்து வித்தது எண்டால் பாருங்கோவன்.

#22 சுருதிப்பெட்டி

இதுல ஸ்லெட்ஜுக்கு நல்லது நடந்துச்சு பனைநிழல். இது அவரோட சொந்தக் குரல், சொந்தத் தட்டு. விற்பனையில பங்கு ஒரு பக்கம், அதைவிட மேடை கிடைச்சதே பெரிசு. போல்ட்டனால கிடைக்காதது ஜீன்ஸால கிடைச்சது. 1989ல ரிதம் அண்ட் புளூஸ் ஃபவுண்டேஷன் முதல் வருஷம் கொடுத்த விருதுகள்ல இவருக்கும் ஒண்ணு. 2005ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். 2015 ஏப்ரல்ல பேட்டன் ரூஜ்ல காலமாகுற வரைக்கும் இந்தப் பாட்டைப் பாடாம அவரை யாரும் மேடையை விட்டு இறங்க விட்டதில்லை.

போல்ட்டனைப் பத்தி ஒரு வார்த்தை. மோசமான பாடகர் இல்லை. ஆனா அவர் ஒவ்வொரு வரியிலயும் ‘பாத்தீங்களா, எவ்வளவு கஷ்டப்படுறேன்’னு காட்டுறார். ஸ்லெட்ஜ் கஷ்டத்தை மறைக்கப் பார்க்குறார், அது மீறி வெளியே வருது. எனக்கு அதுதான் வேணும்.

#23 கறுப்புவெள்ளைக்கட்டை

இந்தப் பாட்டு வந்த போல்ட்டன் ஆல்பத்துல இன்னொரு பாட்டுக்கு ஐஸ்லி பிரதர்ஸ் குழு திருட்டு வழக்குப் போட்டு ஜெயிச்சாங்க, அதையும் போற போக்குல சொல்லி வெச்சுடறேன். 1994ல ஜூரி தீர்ப்பு. ஒரே ஆல்பம், ஒரு பழைய பாட்டுக்கு கிராமி, இன்னொரு பழைய பாட்டுக்குக் கோர்ட்டு.

#24 ஹெட்ஃபோன்வாசி

இப்பதான் ஒரிஜினலை நிறுத்தி நிதானமாக் கேட்டேன். அக்கா சொன்ன ‘நான்’ வர்ற இடம் பிடிச்சுட்டேன். முதல் தடவை கேட்டப்ப அப்படியே கடந்து போயிருக்கேன். ஹார்ன் கொஞ்சம் இடிக்குது, ஆனா யாரும் சொல்லலைன்னா கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம். இவர் ஒரே ஒரு ஹிட்டோட போயிட்டாரா? வேற எதுவும் லிஸ்ட்ல வந்த மாதிரி யாரும் சொல்லலையே.

#25 கணக்கப்பிள்ளை

ஒற்றை ஹிட் என்று சொல்கிறவர்கள் பட்டியலைப் பார்க்காதவர்கள். அதே 1966இல் அடுத்த தட்டு ‘வார்ம் அண்ட் டெண்டர் லவ்’ 17ஆம் இடம், அதற்கடுத்த ‘இட் டேர்ஸ் மீ அப்’ 20. 1968இல் ‘டேக் டைம் டு நோ ஹெர்’ 11. ஆர் அண்ட் பியில் மூன்றுமே முதல் பத்துக்குள். முதல் தட்டே மலை உச்சியில் நின்றதால் இதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை.

#26 கறுப்புவெள்ளைக்கட்டை

‘இட் டேர்ஸ் மீ அப்’ எழுதினது டான் பென்னும் நம்ம ஓல்டமும். என்னைக் கேட்டா அதுதான் ஸ்லெட்ஜோட சிறந்த பாட்டு, நம்பர் 1 ஆனதை விட. அடிக்க வராதீங்க.

#27 சுருதிப்பெட்டி

வரத்தான் செய்வேன். அது நல்ல பாட்டு, கதையும் கச்சிதம். ஆனா எழுதத் தெரிஞ்சவங்க எழுதின பாட்டுன்னு முதல் வரியிலேயே தெரிஞ்சுடுது. நம்பர் 1 ஆன 2326ஆம் தட்டுல அந்தச் சாமர்த்தியமே இல்லை.

#28 பனைநிழல்

நான் கறுப்புவெள்ளைக்கட்டையின்ர பக்கம். ஹோர்ன் விசயத்தில அக்காவோட ஒத்துப்போகாதவன், இதிலயும் ஒத்துப்போகமாட்டன்.

#29 பழையதட்டு

பென்–ஓல்டம் பாட்டுகளுக்கு யாராவது தனி இழை திறங்கள், நான் அங்கே வருகிறேன். தட்டு தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: மறுவெளியீடு, தொகுப்பு ஆல்பம் என்று பல வடிவம் கிடைக்கிறது, சிலவற்றில் பின்னாளில் அவரே திரும்பப் பாடிய பதிவைப் போட்டு அதே பெயரில் விற்கிறார்கள். வாங்கும் முன் 1966 அட்லாண்டிக் பதிவுதானா என்று அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆப்பில் கேட்பவர்களும் ஆல்பம் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

#30 ஹெட்ஃபோன்வாசி

பென்–ஓல்டம் இழை திறந்துட்டேன் அண்ணே. முதல் பதிவு காலியா இருக்கு, கறுப்புவெள்ளைக்கட்டை அண்ணன் வந்து ஆரம்பிக்கட்டும்.